எச்.ஐ.வி. தொடங்கியது எந்த ஆண்டு, எந்த ஊர்? 1908, 1920, 1959, 1981 என்று ஏன் இத்தனை விடைகள்?

வினாக்குறி:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு எச்.ஐ.வி.யின் தோற்றம் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். தேடத் தேட ஆண்டுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஒரு கட்டுரை 1981, அமெரிக்கா என்கிறது. இன்னொன்று 1959, கின்ஷாசா. வேறொன்றில் 1908, மற்றொன்றில் 1920. இடமும் அப்படித்தான்: பாதிப்பேர் கேமரூன் என்கிறார்கள், பாதிப்பேர் காங்கோ என்கிறார்கள்.

இவற்றில் எதைக் கரும்பலகையில் எழுதுவது? சிம்பன்சியிடமிருந்து வந்தது, அதுவும் கேமரூனின் தென்கிழக்கு மூலையிலிருந்து வந்தது என்று இவ்வளவு குறிப்பாக எப்படிச் சொல்ல முடிகிறது? போலியோ மருந்து வழியாகப் பரவியது என்ற பேச்சும் இருக்கிறது. மாணவர்கள் அதைக் கட்டாயம் கேட்பார்கள். என்ன பதில் சொல்லலாம்?

கிளைமரம்:

நான்கு ஆண்டுகளும் சரிதான். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை. கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்து எழுதுவதால்தான் முட்டுகிறது.

1981 என்பது நோய் மருத்துவர்களின் கண்ணில் பட்ட ஆண்டு. அந்த ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா வந்திருப்பதாகச் செய்தி வந்தது. வைரஸைப் பிரித்தெடுத்தது 1983-ல், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில்.

1959 என்பது இதுவரை கிடைத்த மிகப் பழைய மாதிரியின் ஆண்டு. ஆப்பிரிக்காவில் வேறு ஆய்வுகளுக்காக எடுத்துவைத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பிளாஸ்மா மாதிரிகளை 1980-களில் சோதித்தபோது, உறுதியாக எச்.ஐ.வி. உள்ளது என்று ஒன்றே ஒன்றுதான் தேறியது. லியோபோல்ட்வில் நகரில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், ஓர் ஆணிடம் 1959-ல் எடுத்த ரத்தம். அதிலிருந்த வைரஸின் சில துண்டுகளை 1998-ல் வரிசைப்படுத்தினார்கள். இசட்.ஆர்.59 என்பது அதன் பெயர்.

1908-ம் 1920-ம் கணக்கிட்டுப் பெற்ற ஆண்டுகள். உலகம் முழுக்கப் பரவியிருக்கும் எம் குழு வைரஸ்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது. அது எப்போது வாழ்ந்தது என்பதுதான் கணக்கு. 2008-ல் மைக்கேல் வொரோபேயின் குழு சொன்னது 1908. பிழை வரம்பு 1884 முதல் 1924 வரை. 2014-ல் நூனோ ஃபரியாவின் குழு வேறு தரவுகளோடு சொன்னது 1920. வரம்பு 1909 முதல் 1930 வரை. வரம்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 1909 முதல் 1924 வரை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சண்டையே இல்லை. நடு எண்ணை மட்டும் பிய்த்தெடுத்துத் தலைப்பில் போடுவதால் வரும் குழப்பம் இது.

கணக்கின் சாரத்தைப் பலகையிலேயே போட்டுக் காட்டலாம். 1960-ல் அதே நகரில் ஒரு பெண்ணிடம் எடுத்த நெறிக்கட்டித் திசுவிலிருந்தும் வைரஸ் துண்டுகள் கிடைத்தன; பெயர் டி.ஆர்.சி.60. அதற்கும் இசட்.ஆர்.59-க்கும் இடையே மரபணு எழுத்து வேறுபாடு 11.7 சதவீதம். இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து வந்தவை, ஆகவே வேறுபாட்டை இரண்டு கிளைகளுக்கும் பங்கிட வேண்டும்: ஒரு கிளைக்கு 5.85 சதவீதம். இந்த வைரஸ் ஆண்டுக்கு ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 0.0025 மாற்றம் என்ற வேகத்தில் மாறுகிறது. 0.0585-ஐ 0.0025-ஆல் வகுத்தால் சுமார் 23 ஆண்டு. 1960-லிருந்து கழித்தால் 1937 என்று வரும்.

இந்த 1937 தவறு. ஏன் தவறு என்பதுதான் மாணவர்களுக்கு உண்மையான பாடம். ஒரே இடத்தில் எழுத்து இரண்டு முறை மாறியிருந்தால் நாம் ஒன்றாகத்தான் எண்ணுவோம். மாறிப் பழையபடி திரும்பியிருந்தால் பூஜ்யம் என்று எண்ணுவோம். சில இடங்கள் மளமளவென்று மாறும், சில அசையவே அசையாது. இவற்றையெல்லாம் சரிக்கட்டினால் உண்மையான மாற்றங்களின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூடும், காலம் பின்னுக்குப் போகும். அதோடு, இந்த இரண்டு மாதிரிகளை மட்டும் பார்க்காமல் எம் குழுவின் எல்லாக் கிளைகளையும் சேர்த்து வம்ச மரம் போட்டால் வேர் இன்னும் கீழே இறங்கும். அப்படித்தான் 1900-களின் தொடக்கத்துக்குப் போகிறோம்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். பொது மூதாதை வாழ்ந்த காலம் வேறு, வைரஸ் மனிதருக்குத் தாவிய காலம் வேறு. ஓர் ஊரில் இன்றிருக்கும் குடும்பங்கள் எல்லாம் ஒரே கொள்ளுப்பாட்டியிடம் போய்ச் சேர்ந்தால், அந்த ஊருக்கு முதலில் குடிவந்தவர் அந்தப் பாட்டிதான் என்று ஆகிவிடாது. அவருடைய முன்னோர் அங்கே நான்கு தலைமுறை இருந்திருக்கலாம்; கூட வந்தவர்களின் வம்சம் அற்றுப்போயிருக்கலாம். தாவல் இந்த மூதாதைக்கு முன்பே நடந்தது என்று மட்டும்தான் மரம் சொல்லும்.

ஆய்வகமேசை:

கேமரூன் கேள்விக்கு நான் சொல்கிறேன். விடை சிம்பன்சி மலத்தில் கிடைத்தது.

காட்டு சிம்பன்சியிடம் ரத்தம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அவை இரவில் மரத்தில் கூடு கட்டித் தூங்கும். விடிந்ததும் கூட்டுக்கு அடியில் புதிய மலம் கிடக்கும். அதை எடுத்து, ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கும் உப்புக் கரைசலில் ஏறக்குறைய சம அளவு கலந்து குழாயில் மூடினால், குளிர்பெட்டி இல்லாத காட்டிலும் சில நாள் தாங்கும். 2006-ல் பீட்ரிஸ் ஹானின் குழு தெற்குக் கேமரூனில் இப்படி நூற்றுக்கணக்கான மாதிரிகளைத் திரட்டி வெளியிட்டது.

ஆய்வகத்தில் முதல் வேலை வைரஸைத் தேடுவது அல்ல. இது யாருடைய மலம் என்று உறுதி செய்வதுதான். வழிகாட்டி சிம்பன்சி என்று சொல்வார், கொரில்லாவாக இருக்கும். அதனால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் படித்து இனத்தையும் உள்ளினத்தையும் உறுதி செய்கிறார்கள். பிறகு மைக்ரோசாட்டிலைட் குறிகளை வைத்து ஒவ்வொரு விலங்கையும் தனியாக அடையாளம் காண்கிறார்கள். இதை விட்டால் ஒரே சிம்பன்சியின் ஐந்து நாள் மலத்தை ஐந்து சிம்பன்சி என்று எண்ணித் தொற்று விகிதத்தைக் கெடுத்துவிடுவோம். அதன்பின் எதிர்ப்பான் சோதனை, எதிர்ப்பான் இருப்பவற்றில் வைரஸ் ஆர்.என்.ஏ. எதிர்ப்பான் கிடைத்த எல்லா மாதிரியிலும் ஆர்.என்.ஏ. கிடைத்துவிடாது; வெயில் பட்டால், மழை நனைத்தால், எடுக்கத் தாமதமானால் முதலில் போவது அதுதான்.

கிடைத்த வைரஸ்களை மனித வைரஸோடு ஒரே மரத்தில் போட்டபோது படம் தெளிந்தது. கேமரூனின் தென்கிழக்கு மூலையில், லோபெக்கே, மாம்பெலே பக்கத்துச் சிம்பன்சிகளின் வைரஸ்கள் எம் குழுவை ஒட்டி அமர்ந்தன. இன்னும் மேற்கே, ஜா வனப் பகுதிச் சிம்பன்சிகளின் வைரஸ்கள் எச்.ஐ.வி.யின் இன்னொரு குழுவான ‘என்’ (N) குழுவை ஒட்டி அமர்ந்தன. சிம்பன்சிக் கூட்டங்கள் பெரிய ஆறுகளைக் கடப்பதில்லை; அவற்றின் வைரஸும் கடப்பதில்லை. அதனால் வைரஸ் மரத்தின் கிளைகள் நிலப்படத்தின் மீது அப்படியே படிகின்றன. இடத்தை இவ்வளவு குறிப்பாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் இந்த ஆறுகள்தான்.

மாணவர்களுக்குச் சொல்ல இன்னொன்று: தாவல் ஒருமுறை நடந்த விபத்து அல்ல. எச்.ஐ.வி.-1-ல் எம், என், ஓ, பி (M, N, O, P) என்று நான்கு குழுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித் தாவல். எம், என் இரண்டும் சிம்பன்சியிடமிருந்து, ஓ, பி இரண்டும் கொரில்லாவிடமிருந்து. எச்.ஐ.வி.-2 மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளிடமிருந்து பல முறை தாவியது. இத்தனை தாவல்களில் உலகைச் சுற்றியது எம் ஒன்றுதான்.

வினாக்குறி:

மிகவும் நன்றி. இருவரும் சொன்னதிலிருந்து அடுத்த கேள்வி எழுகிறது. காட்டில் மனிதர்கள் சிம்பன்சியை வேட்டையாடியது இருபதாம் நூற்றாண்டில் தொடங்கிய பழக்கமா என்ன? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்திருக்குமே. அப்போதெல்லாம் தாவாமல் இருந்ததா, தாவியும் பரவாமல் போனதா?

ஆய்வகமேசை:

தாவியிருக்கும், அணைந்துபோயிருக்கும் என்பதே பொருத்தமான விளக்கம். எஸ்.ஐ.வி. எனப்படும் குரங்கு வைரஸ்கள் பழையவை என்பதற்குச் சான்று இருக்கிறது. பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது, பயோகோ தீவு ஆப்பிரிக்க நிலத்திலிருந்து பிரிந்தது. அந்தத் தீவுக் குரங்குகளின் எஸ்.ஐ.வி.யும் எதிர்க்கரைக் குரங்குகளின் எஸ்.ஐ.வி.யும் உறவுடையவை. தீவு பிரிந்த காலத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தினால் எஸ்.ஐ.வி. குறைந்தது 32,000 ஆண்டுப் பழமை உடையது என்று 2010-ல் கணக்கிட்டார்கள்.

தாவிய வைரஸுக்கு மனித உடலில் ஒரு பூட்டு இருக்கிறது. டெதெரின் என்ற புரதம், செல்லை விட்டு வெளியேறும் வைரஸ் துகள்களைக் கயிறு கட்டியதுபோல் செல்லின் மேலேயே பிடித்து வைக்கும். சிம்பன்சியின் வைரஸ் அதை நெஃப் என்ற புரதத்தால் அறுக்கும். மனித டெதெரினில் நெஃப் பிடிக்கும் இடத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் இல்லை, நெஃப் வழுக்கிவிடும். எம் குழு அந்த வேலையை வி.பி.யூ. என்ற வேறொரு புரதத்துக்கு மாற்றிக்கொண்டது. ஓ குழுவின் வி.பி.யூ. அப்படித் தேறவில்லை.

இன்னொரு தடயம் வைரஸின் உள்கட்டமைப்பை ஆக்கும் காக் புரதத்தின் மேட்ரிக்ஸ் பகுதியில், 30-ஆம் இடத்தில். சிம்பன்சி வைரஸில் பெரும்பாலும் மெத்தியோனின்; எம், என், ஓ மூன்றிலும் தனித்தனியே ஆர்ஜினினாக மாறியது. மனித வைரஸைச் சிம்பன்சியின் உடலில் வளரவிட்டபோது அது மறுபடி மெத்தியோனினாகத் திரும்பியது. எந்த உடலில் வாழ்கிறோம் என்பதற்கேற்ப வைரஸ் அந்த ஓர் இடத்தை மாற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டாம்.

இவையெல்லாம் கூடிவந்தாலும், வேட்டைக்காரரின் சிற்றூரில் வைரஸ் சிலரைத் தாண்டாது. தாண்ட நகரம் வேண்டும்.

ரயில்பாதை:

நகரம் என்றதும் இதில் நுழைகிறேன்.

தென்கிழக்குக் கேமரூனிலிருந்து நீர் சங்கா ஆற்றில் இறங்கிக் காங்கோ ஆற்றில் சேர்கிறது. ஆற்றோடு போனால் போய்ச் சேரும் இடம் ஒரு கரையில் பிராசவில், மறுகரையில் லியோபோல்ட்வில். நேர்கோட்டில் 700 கிலோமீட்டருக்கு மேல். தந்தமும் ரப்பரும் ஆட்களும் போன வழி அது. லியோபோல்ட்வில் அப்போது பெல்ஜியக் காங்கோவின் வளரும் நகரம். துறைமுகமான மட்டாடியிலிருந்து அங்கே 1898-லேயே ரயில் வந்துவிட்டது. வேலைக்கு இளைஞர்களைக் கொண்டுவந்தார்கள், குடும்பத்தை அழைத்துவரத் தடைகள் இருந்தன. ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. பாலியல் நோய்ப் புண்கள் பரவலாக இருந்தன. புண் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு பல மடங்கு கூடும்.

அடுத்தது சுரங்க நகரங்களுக்குப் போன ரயில் பாதை. 1928-ல் இலேபோ ஆற்றுத் துறையிலிருந்து கட்டங்கா வரை ரயில் திறந்தது. கின்ஷாசாவிலிருந்து படகில் இலேபோ, அங்கிருந்து ரயிலில் லுபும்பாஷி. ஃபரியா குழுவின் கணக்குப்படி 1930-களின் இறுதிக்குள் வைரஸ் இந்தப் பாதையில் வைர நகரமான ம்புஜி-மாயிக்கும் செம்பு நகரமான லுபும்பாஷிக்கும் போய்விட்டது. ஆற்றின் மேல்பக்கம் இருந்த கிசங்கானிக்கு அதற்குப் பிறகுதான் போனது. 1940-களின் இறுதியில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கின்ஷாசா வழியாக ரயிலில் பயணித்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் கிட்ட இருந்த ஊரைவிட ரயில் இருந்த ஊருக்கு வைரஸ் முந்திப் போனது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஊசி. காலனி அரசுகள் தூக்க நோய்க்கும், யாஸ் என்ற தோல் புண் நோய்க்கும், சிபிலிஸுக்கும் எதிராக ஊர் ஊராக ஊசி இயக்கம் நடத்தின. கண்ணாடி ஊசிக்குழல் அன்று விலை உயர்ந்த பொருள். வரிசையில் நிற்பவர்களுக்கு ஒன்றிரண்டு குழல்களைக் கழுவிக் கழுவிப் போட்டார்கள். இதன் சுவடு ஹெபடைடிஸ் சி வைரஸில் இன்றும் தெரிகிறது: தெற்குக் கேமரூனின் எபோலோவா ஊரில் 60 வயதைக் கடந்தவர்களைச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தத் தொற்று இருந்ததற்கான அடையாளம் கிடைத்தது. இளையோரிடம் இல்லாத அளவு. ழாக் பெப்பான் என்ற மருத்துவர் இதை வைத்து, எச்.ஐ.வி.யும் முதல் சில பேரிடமிருந்து சில நூறு பேருக்குப் போனது ஊசியால்தான் என்று வாதிடுகிறார். எனக்கு அது ஏற்புடையதாக இருக்கிறது.

பொருநை:

ரயில்பாதை அவர்கள் சொன்ன பாதைகள் எல்லாம் சரி. ஊசிக்கு அவ்வளவு பெரிய இடம் கொடுப்பதில் மட்டும் மாறுபடுகிறேன்.

ஹெபடைடிஸ் சி பரவிய அளவை அப்படியே எச்.ஐ.வி.க்கு மாற்ற முடியாது. மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசி குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு ஹெபடைடிஸ் சிக்கு சுமார் 1.8 சதவீதம், எச்.ஐ.வி.க்கு சுமார் 0.3 சதவீதம். ஆறு மடங்கு குறைவு. தவிரவும் ஓ குழுவும் அதே கேமரூனில், அதே ஊசி இயக்கக் காலத்தில் இருந்தது. 1960 வரை எம் குழுவும் ஓ குழுவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்ந்தன என்று மரபணு மரம் காட்டுகிறது. பிரிவு 1960-ஐ ஒட்டி வருகிறது: எம் வேகம் பிடித்தது, ஓ பழைய நடையிலேயே போனது. அப்போது மாறியது என்ன? காங்கோ விடுதலை, நகரத்துக்கு மக்கள் வெள்ளம், பாலியல் தொழிலின் தன்மை மாறியது. பாலியல் நோய் மருத்துவமனைகளின் ஊசியும் அந்தப் பட்டியலில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊசி ஒன்றே காரணம் என்று மாணவர்களிடம் சொன்னால், சான்று தாங்கும் எடையைவிடக் கூடுதலாக ஏற்றிவிடுகிறோம்.

ரயில்பாதை:

0.3 சதவீதம் தற்செயலாகக் குத்திக்கொள்ளும் ஊசிக்கான எண். நரம்பில் மருந்து ஏற்றிய குழலில் தங்கும் ரத்தம் அதைவிட அதிகம், அதுவும் அடுத்த நிமிடமே அடுத்தவருக்கு. ஆனாலும் 1960 பற்றி நீங்கள் சொன்னது என் வாதத்துக்கு உண்மையான இடைஞ்சல். ஊசியின் பங்கு தொடக்கத்துக்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

கிளைமரம்:

போலியோ மருந்துக் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் கருத்து இதுதான்: 1957 முதல் 1960 வரை பெல்ஜியக் காங்கோவிலும் ருவாண்டா, புருண்டியிலும் சாட் என்ற வாய்வழி போலியோ மருந்தைப் பத்து லட்சம் பேர் அளவில் கொடுத்தார்கள். கிசங்கானிக்கு அருகே சிம்பன்சிகளை வைத்திருந்த முகாம் ஒன்று இருந்தது. சிம்பன்சியின் சிறுநீரக செல்லில் மருந்தை வளர்த்ததால் வைரஸ் கலந்தது என்றார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். அதனால்தான் லண்டன் ராயல் சொசைட்டி 2000-ல் கூட்டம் போட்டு விவாதித்தது. மூன்று சோதனைகள் அதை முடித்துவைத்தன.

மீதமிருந்த பழைய மருந்து மாதிரிகளைச் சோதித்தார்கள். எச்.ஐ.வி.யும் இல்லை, எஸ்.ஐ.வி.யும் இல்லை, செல்லின் டி.என்.ஏ. மக்காக் குரங்குடையது, சிம்பன்சியுடையது அல்ல. அடுத்து, கிசங்கானிப் பக்கத்துக் காட்டுச் சிம்பன்சிகளின் வைரஸைப் படித்து 2004-ல் வெளியிட்டார்கள். அது கிழக்கு உள்ளினச் சிம்பன்சியின் வைரஸ். மரத்தில் எம் குழுவிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. மூன்றாவது, காலம். எம் குழு 1957-க்குப் பல பத்தாண்டு முன்பே கிளைவிடத் தொடங்கிவிட்டது. 1959-க்கும் 1960-க்கும் உரிய இரண்டு மாதிரிகள் 11.7 சதவீதம் வேறுபட வேண்டுமானால், இரண்டு மூன்று ஆண்டு போதவே போதாது. பலகையில் போடும் அந்த வகுத்தல் கணக்கே மாணவர்களுக்குப் போதுமான மறுப்பு.

ஆய்வகமேசை:

பழைய மாதிரி என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வேறு ஆய்வகத்தில் திரும்பச் செய்தார்களா?

மான்செஸ்டரில் 1959-ல் இறந்த ஒருவரின் திசுவில் எச்.ஐ.வி. இருப்பதாக 1990-ல் அறிவித்தார்கள். பல ஆண்டுகள் அதுவே முதல் நோயாளி என்று எழுதப்பட்டது. 1995-ல் வேறொரு ஆய்வகம் வரிசையைப் படித்தபோது அது தற்கால வைரஸ் என்று தெரிந்தது. 1959-ல் வாழ்ந்த வைரஸ் மரத்தில் வேருக்கு அருகே, குட்டைக் கிளையில் இருக்க வேண்டும். இது இன்றைய நுனிகளோடு சமமாக நின்றது. கலப்படம்.

டி.ஆர்.சி.60-ஐ அதோடு ஒப்பிடுங்கள். கின்ஷாசாவில் 1958 முதல் 1960 வரை எடுத்த 27 பாரஃபின் மெழுகுக் கட்டிகளைத் தேடினார்கள்: நெறிக்கட்டி, கல்லீரல், நஞ்சுக்கொடி. தேறியது ஒன்று. போவின் கரைசலில் பதப்படுத்திய திசு அது; ஃபார்மலினோடு பிக்ரிக் அமிலமும் சேர்ந்த அந்தக் கரைசல் நியூக்ளிக் அமிலத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நொறுக்கிவிடும். இப்படிப்பட்ட திசுவில் 500 எழுத்து நீளத்துக்கு பி.சி.ஆர். வைத்தால் ஒன்றும் வராது. வந்தால் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் நீளமாக வருவது பெரும்பாலும் மேசையில் கிடக்கும் தற்கால டி.என்.ஏ. நூறு எழுத்துச் சுற்றளவில் பல துண்டுகளாகப் பிடித்து ஒட்டித்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிக்கும் புதிய வெட்டுக்கத்தி, இடையிடையே வெற்று மெழுகு, எச்.ஐ.வி. வளர்க்காத அறை. இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே செய்து ஒத்துப்போன பிறகே வெளியிட்டார்கள்.

பிறகு 1,645 பழைய திசு மாதிரிகளைத் தேடி, 1966-ஆம் ஆண்டு மாதிரி ஒன்றிலிருந்து ஏறக்குறைய முழு மரபணுத் தொகுப்பையே எடுத்து 2020-ல் வெளியிட்டார்கள். அதைச் சேர்த்துப் போட்ட கணக்கும் எம் குழுவின் மூதாதையை 1881-க்கும் 1918-க்கும் இடையில் வைக்கிறது.

வினாக்குறி:

கணினி ஆய்வகம் இருக்கிறது. மாணவர்களே ஒரு மரம் போட்டுப் பார்க்க முடியுமா?

கிளைமரம்:

முடியும். லாஸ் அலமோஸ் எச்.ஐ.வி. வரிசைத் தளத்தில் எல்லாம் இலவசம். வைரஸின் வெளியுறைப் புரதத்துக்கான என்வ் பகுதியை எடுங்கள், எச்.எக்ஸ்.பி.2 என்ற அளவுகோல் வரிசையின் எண்படி 6225 முதல் 8795 வரை. எடுத்த ஆண்டு குறிப்பிட்ட வரிசைகள் மட்டும், ஒரு நோயாளிக்கு ஒன்று மட்டும். நாற்பது ஐம்பது போதும், ஆண்டுகள் 1980-களிலிருந்து 2010-கள் வரை பரவியிருக்க வேண்டும். எல்லாமே 2005-ல் எடுத்தவை என்றால் கடிகாரத்துக்கு முள்ளே இருக்காது.

மாஃப்ட் மென்பொருளில் வரிசைகளை ஒழுங்கு செய்யுங்கள். வி1, வி2, வி4, வி5 என்ற, மிகுதியாக மாறும் வளையங்களில் இடைவெளிகள் தாறுமாறாக வரும். அந்தப் பத்திகளை வெட்டிவிடுங்கள். பிறகு கலப்பினங்களை நீக்க வேண்டும், ஏ.இ., ஏ.ஜி. என்று பெயரில் இருப்பவை எல்லாம். ஒரே வரிசையில் இரண்டு மூதாதை இருந்தால் மரம் என்ற வடிவமே பொய்யாகிவிடும், கிளை நீளங்கள் கண்டபடி இழுபடும். இந்தப் படியைத் தாண்டிப் போய் விசித்திரமான ஆண்டு வந்தது என்று கேட்பவர்கள்தான் அதிகம். எச்.எக்ஸ்.பி.2-வோடு அச்சு அசலாக ஒத்துப்போகும் வரிசை இருந்தால் அது ஆய்வகக் கலப்படம், தூக்கிவிடுங்கள்.

ஐக்யூட்ரீயில் மரம் போட்டு, டெம்பெஸ்ட் மென்பொருளில் திறங்கள். கிடையச்சில் மாதிரி எடுத்த ஆண்டு, நிலையச்சில் வேரிலிருந்து நுனிவரை தூரம். புள்ளிகள் ஊடே ஒரு கோடு போகும். கோட்டின் சாய்வு மாற்ற வேகம். கோடு கிடையச்சை வெட்டும் இடம் மூதாதையின் ஆண்டு. பள்ளிக்கு இதுவே போதும், கிராஃப் தாளில்கூடச் செய்யலாம். சாய்வு கீழ்நோக்கி வந்தால் ஆண்டைத் தவறாகப் பதிந்திருக்கிறீர்கள், அல்லது வேர் தவறான இடத்தில் இருக்கிறது.

காலத்தைக் கணிக்கும் பீஸ்ட் மென்பொருள் வரை போக விரும்பினால், ஒவ்வோர் அளவுருவின் செயல்திறன் மாதிரி எண்ணிக்கை (ESS) 200-ஐத் தாண்டும்வரை ஓடவிட வேண்டும். பழைய கணினியில் ஓரிரு நாள் பிடிக்கும். முடிவு வந்த பிறகு ஆண்டுகளைக் குலுக்கிப் போட்டுத் திரும்ப ஓட்டுங்கள். குலுக்கிய தரவும் அதே ஆண்டைத் தந்தால், அந்த விடை தரவிலிருந்து வரவில்லை, நீங்கள் முன்கூட்டிக் கொடுத்த எடுகோளிலிருந்து வந்திருக்கிறது.

பொருநை:

இடத்தைக் கணக்கிடும்போது எச்சரிக்கை வேண்டும். நூறு வரிசையில் எண்பது கின்ஷாசாவிலிருந்து எடுத்தால் வேரும் கின்ஷாசாவில்தான் விழும். ஊருக்கு இத்தனை என்று சமமாக எடுத்து, பல முறை மாற்றி மாற்றி எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கின்ஷாசாவை நம்புவதற்கு இன்னொரு தனிச் சான்றும் உண்டு: எம் குழுவின் உட்பிரிவுகள் ஏறக்குறைய எல்லாமும், எந்த உட்பிரிவிலும் அடங்காதவையும் அந்த ஒரே நகரில் கிடைக்கின்றன.

நம் ஊர்த் தொடர்பையும் சொல்லுங்கள், மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது, அமெரிக்காவில் உறுதி செய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். அது கண்டறிந்த ஆண்டு. வந்த ஆண்டு அதற்கு முந்தியது. இந்தியத் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை உட்பிரிவு சி. ரயில்பாதை அவர்கள் சொன்னாரே, அந்தச் சுரங்க நகரங்களின் பக்கம் வளர்ந்து தெற்கு ஆப்பிரிக்காவில் பரவிய உட்பிரிவு. அமெரிக்காவில் பரவிய உட்பிரிவு பி (B) வேறு வழி: விடுதலைக்குப் பின் காங்கோவில் வேலை பார்த்த ஹைட்டியர்கள் வழியாக 1960-களின் நடுவில் ஹைட்டி, சுமார் 1970-ல் நியூயார்க்.

வினாக்குறி:

பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்: “தென்கிழக்குக் கேமரூனில் சிம்பன்சியிடமிருந்து 1908-ல் மனிதருக்குத் தாவியது. கின்ஷாசாவில் 1920-ல் தோன்றியது. முதல் நோயாளி 1959.”

கிளைமரம்:

மூன்று வாக்கியத்திலும் ஒவ்வொரு திருத்தம். தாவிய ஆண்டை எழுதாதீர்கள், “இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள்” போதும். “கின்ஷாசாவில் தோன்றியது” என்பதை “கின்ஷாசாவில் பரவத் தொடங்கியது, சுமார் 1881 முதல் 1930-க்குள்” என்று மாற்றுங்கள். “முதல் நோயாளி” என்பதை அழித்துவிட்டு “கிடைத்திருக்கும் மிகப் பழைய மாதிரி, 1959” என்று எழுதுங்கள்.